ஆல்ப்ஸ் கணவாய்களில் நண்பர்களோடு பைக்: இந்தத் திட்டம் தாங்குமா? யார் முன்னால், யார் பின்னால்?

வளைவுதேடி

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை முதல் வாரம் ஐந்து பைக்கில் ஆறு பேர் ஆல்ப்ஸ் கிளம்புகிறோம். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். நான்கு நாள் இருக்கிறது, இழுத்துப் பிடித்தால் ஐந்து. இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம்:

முதல் நாள் டிம்மல்ஸ்யோஹ் கணவாய் ஏறி இத்தாலியின் மெரானோ. இரண்டாம் நாள் ஸ்டெல்வியோ, உம்பிரைல், ஓஃபன், ஃப்ளுவேலா, ஓபரால்ப் கணவாய்களை முடித்து சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மட். மூன்றாம் நாள் ஃபுர்க்கா, கிரிம்செல், சுஸ்டன், அதோடு கோட்ஹார்ட், நுஃபெனன். நான்காம் நாள் இன்ஸ்புருக் திரும்பல்.

குழுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் பெரிய டூரிங் பைக்கில் கைதேர்ந்தவர்கள். நானும் இன்னொருவனும் நடுத்தரம். ஐந்தாமவன் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து வருகிறான், மலையில் பில்லியனோடு ஓட்டியதில்லை. ஐவரில் மூன்று பேர் சாலையின் வலப்பக்கம் ஓட்டியதே கிடையாது.

கேள்விகள்: திட்டம் சரியா? வேகம் குறைந்தவர்களை எங்கே நிறுத்துவது? கொண்டை ஊசி வளைவுகளுக்கு எப்படித் தயாராவது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.


மலைச்சாலை

திட்டம் தாங்காது தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் நாள் மட்டும் 300 கி.மீ.யைத் தாண்டுகிறது. கணவாய்ச் சாலையில் மணிக்கு 40, 45 கி.மீ. சராசரி வந்தாலே நன்றாக ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். சீட்டில் மட்டும் ஏழு மணி நேரம். அதற்கு மேல் பெட்ரோல், சாப்பாடு, படம் எடுப்பது, மழை உடுப்பை மாட்டுவது, கழற்றுவது. ஐந்து பைக் என்றால் ஒவ்வொரு நிறுத்தமும் அரை மணி நேரம் தின்னும். கடைசியில் ஓபரால்ப்பை ஏறும்போது கிளட்ச் பிடித்த கை மரத்திருக்கும், கண் சோர்ந்திருக்கும். மலையில் கவனம் நழுவுவது அந்த நேரத்தில்தான்.

என் யோசனை: ஐந்து நாளாக்குங்கள். முதல் நாள் மெரானோவில் நிற்காமல் பிராட் வரை வந்துவிடுங்கள், மொத்தம் 200 கி.மீ. அளவுதான் வரும். பிராட்தான் ஸ்டெல்வியோவின் அடிவாரம். மறுநாள் காலை ஆறரைக்குக் கிளம்பினால் பேருந்து, கார், சைக்கிள் கூட்டம் எதுவும் வருவதற்குள் உச்சியில் இருப்பீர்கள். பத்து மணிக்கு ஏறுபவனுக்கும் ஏழு மணிக்கு ஏறுபவனுக்கும் அது இரண்டு வேறு சாலை. சனி, ஞாயிறு அன்று அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

உச்சியிலிருந்து உம்பிரைல் வழியாக சாண்டா மரியா இறங்கி, ஓஃபன் கணவாய் தாண்டி ட்ஸெர்னெட்ஸ். அதற்கப்புறம் ஃப்ளுவேலாவுக்குப் பதிலாக அல்புலா. 2312 மீட்டர், குறுகலான சாலை, கூட்டம் குறைவு. உலகப் பாரம்பரியச் சின்னமாக 2008-ல் அறிவிக்கப்பட்ட ரேட்டிய ரயில் பாதை பெர்குன் பக்கம் சாலையோடு பின்னிப் பின்னி வரும். டீஃபன்காஸ்டெலில் இரவு தங்குங்கள். அன்றைக்கு 140 கி.மீ. கூட வராது, ஆனால் மூன்று பெரிய ஏற்றம். மூன்றாம் நாள் ஓபரால்ப் தாண்டி மதியத்துக்குள் ஆண்டர்மட் சேர்ந்துவிட்டு ஓய்வு. நான்காம் நாள் ஃபுர்க்கா, கிரிம்செல், சுஸ்டன் வட்டம், 120 கி.மீ. சொச்சம். ஐந்தாம் நாள் கூர், ஃபெல்ட்கிர்ஹ், ஆர்ல்பெர்க் வழியாகத் திரும்பல். அது 300 கி.மீ. இருந்தாலும் பெரும்பகுதி வேகச் சாலை.


தனிவழி

ஸ்டெல்வியோ எதற்கு என்று கேட்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிராட் பக்கம் 48 கொண்டை ஊசி. ஒவ்வொன்றும் முதல் கியரில் திரும்பி, நூறு நூற்றைம்பது மீட்டர் நேராகப் போய், மறுபடி முதல் கியர். அதில் வளைந்து செல்லும் சுகம் எங்கே இருக்கிறது? பைக்கை ஒரு தாளத்தில் சாய்த்து சாய்த்துப் போக வேண்டுமானால் சுஸ்டன் போதும். 1938-ல் தொடங்கி 1945-ல் முடித்த சாலை அது, மோட்டார் வாகனத்துக்கென்றே திட்டமிட்டுக் கட்டியது. அகலமும் சாய்மானமும் வளைவின் ஆரமும் ஓட்டுபவனை மதித்து அமைந்திருக்கும். பில்லியனோடு முதன்முறை வருபவரை 48 கொண்டை ஊசிக்குள் தள்ளுவது, பெயருக்காகச் செய்கிற வேலை.


மலைச்சாலை

தனிவழி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். சுஸ்டனைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை.

ஆனால் ஸ்டெல்வியோவை வெறும் 48 திருப்பம் என்று கழித்துவிட முடியாது. கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் 1820-லிருந்து 1825-க்குள் அதைப் போட்டு முடித்தார். டைனமைட் வருவதற்கு நாற்பது வருடம் முன்னால். குதிரை வண்டி பாரத்தோடு ஏற வேண்டும் என்பதால்தான் சரிவைக் குறைக்க அத்தனை மடிப்பு மடித்தார். உச்சியில், 2757 மீட்டரில் நின்று கீழே பார்த்தால் அந்தக் கணக்கு முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். எனக்கு அது பெயருக்காகப் பார்க்கிற இடமில்லை.

பழகாதவர்களுக்கு முக்கியமானது எந்தத் திசையில் போவது என்பது. பிராட் பக்கம் ஏறுங்கள், அந்தப் பக்கம் இறங்காதீர்கள். ஏற்றத்தில் புவியீர்ப்பே பாதி பிரேக் போட்டுக் கொடுக்கும். வளைவுகளுக்கு எண் பலகை உண்டு, அடியில் 48-ல் தொடங்கிக் குறைந்துகொண்டே போகும், அதனால் எவ்வளவு மிச்சம் என்று பில்லியனுக்கும் தெரியும். இறக்கத்துக்கு உம்பிரைல் பக்கம் போதும். அங்கே முன்பு மண் சாலையாகக் கிடந்த துண்டையும் 2015-ல் தார் போட்டு முடித்துவிட்டார்கள்.


கியர்மணி

கொண்டை ஊசி பத்திக் கேட்டீங்க. அதுலதான் எல்லாருக்கும் பயம், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

அங்க வலப்பக்கம் ஓட்டறோம். அதனால வலது பக்கம் திரும்புற கொண்டை ஊசிதான் இறுக்கம். உள்விளிம்பை ஒட்டின பாதை நம்ம பாதை, ஆரம் ரொம்பச் சின்னது, சரிவும் அந்த உள்விளிம்புலதான் செங்குத்தா இருக்கும். இடது பக்கம் திரும்புறது வெளிவட்டம், அகலமா இருக்கும், சுலபம். இடப்பக்கம் ஓட்டிப் பழகின மூணு பேருக்கு இது அப்படியே தலைகீழ். அவங்க உடம்புக்கு இறுக்கமான திருப்பம்னா இடது பக்கம்தான். வலது பக்கம் இறுக்கமாத் திரும்பற பழக்கம் கைக்கும் கழுத்துக்கும் குறைவா இருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி காலி மைதானத்துல வலது பக்கம் முழு வட்டம் போட்டுப் பழகச் சொல்லுங்க. ஹேண்டில் இதுக்கு மேல திரும்பாதுன்னு நிக்கிற அளவுக்கு, காலைக் கீழ வைக்காம.

ஏத்தத்துல வலது கொண்டை ஊசி வந்தா: வளைவுக்கு நல்லா முன்னாடியே முதல் கியருக்கு வந்துடணும். வளைவுக்குள்ள கியர் மாத்தாதீங்க. நுழையறதுக்கு முன்னாடி தலையைத் தூக்கி மேல இருக்கிற சாலையைப் பாருங்க. பேருந்தோ வண்டியோ இறங்கி வருதான்னு அந்த ஒரு பார்வையில தெரிஞ்சிடும். வந்தா, கீழயே நேரா நின்னு அதைப் போக விடுங்க. பாதி வளைவுல, சாஞ்ச நிலையில நின்னா 250 கிலோ பைக் உள்பக்கமாத்தான் விழும், கால் எட்டாது. சாலை காலியா இருந்தா உங்க பாதையோட இடது ஓரத்துலேர்ந்து, அதாவது நடுக்கோட்டை ஒட்டி, கோட்டைத் தாண்டாம நுழைங்க. உள்ள போறதுக்கு அவசரப்படாதீங்க. ஆக்சிலரேட்டர் ஒரே சீரா, கிளட்ச் பாதி பிடியில, பின் பிரேக் மேல காலோட லேசான அழுத்தம். இந்த மூணும் சேர்ந்தா பைக் நடக்கிற வேகத்துலயும் நிமிந்து நிக்கும். முன் பிரேக் மேல விரல் வேண்டாம். கண் வளைவு முடியற இடத்துல இருக்கணும். முன்சக்கரத்துக்கு ஒரு மீட்டர் முன்னாடி பார்த்தீங்கன்னா அங்கயேதான் போய் நிப்பீங்க. தாடை தோள்பட்டையைத் தொடற அளவுக்குத் தலையைத் திருப்புங்க.

இறக்கத்துல: வேகத்தைக் குறைக்கிற வேலை எல்லாம் பைக் நிமிந்து இருக்கும்போதே முடியணும், முன் பிரேக்கால. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்க. ரெண்டாம் கியர்ல இன்ஜின் பிடிச்சு வைக்கும். கிளட்சைப் பிடிச்சுகிட்டு உருண்டு வர்ற பழக்கம் யாருக்காவது இருந்தா அதை இப்பவே விடச் சொல்லுங்க. நீளமான இறக்கத்துல பிரேக்கை விடாம தேய்ச்சா பிரேக் ஆயில் கொதிச்சு ஆவிக் குமிழ் வரும், லீவர் பஞ்சு மாதிரி கைப்பிடி வரைக்கும் போகும். பழைய ஆயில்ல ஈரம் ஏறியிருந்தா இன்னும் சீக்கிரமே கொதிக்கும். அதனால ரெண்டு விரலால திடமா ஒரு அழுத்து, விடு, மறுபடி ஒரு அழுத்து.

இன்னொண்ணு. சாலை வெடிப்பை அடைக்க நீளமா தார்ப்பட்டை ஊத்தியிருப்பாங்க. மழையிலயும் கடும் வெயில்லயும் அது வழுக்கும். சாயும்போது அதுமேல டயர் ஏறாம பாத்துக்குங்க.


நீலவானம்

பில்லியன் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். நான் பில்லியனாகவும் போயிருக்கிறேன், தனியாக ஓட்டியும் போயிருக்கிறேன்.

நண்பரின் மனைவியோடு யாராவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? அவருக்கு மலை விருப்பமா, எத்தனை மணி நேரம் தாங்குவார், பயம் வந்தால் எப்படிச் சொல்வார்? திட்டத்தில் அவர் ஆறாவது ஆள், ஆனால் பைக் கணக்கில் அவர் இல்லை. ஓய்வு நிறுத்தங்களை முதலில் அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கொண்டை ஊசியில் பில்லியனுக்கு எதுவும் முன்கூட்டித் தெரியாது. ஓட்டுபவருக்குக் கையில் ஹேண்டில் இருக்கிறது, பின்னால் இருப்பவருக்கு ஓட்டுபவரின் முதுகுதான் இருக்கிறது. இன்டர்காம் கட்டாயம் வேண்டும். அது பாட்டுக் கேட்க இல்லை, "வலது வளைவு, மெதுவாக" என்று ஒரு வார்த்தை சொல்ல.

பைக்கைப் பொறுத்தவரை, பில்லியனும் பெட்டியும் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் இலேசாகிவிடும். ஏற்றத்தில் அது இன்னும் கூடும், ஹேண்டில் மிதப்பது போல இருக்கும். பின் ஷாக்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, ஏற்றி, டயர் காற்றை இரண்டு பேருக்கான அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். கனமான சாமானை மேல்பெட்டியில் வைக்காமல் பக்கப் பெட்டிகளில் அடியில் வையுங்கள். வளைவில் பில்லியன் எதுவும் செய்ய வேண்டியதில்லை: ஓட்டுபவரின் உள்பக்கத் தோளுக்கு மேலாகப் பார்த்தால் உடம்பு தானாகச் சரியான அளவு சாயும்.

குளிரைக் குறைத்து எடை போடாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். பிராட் சுமார் 900 மீட்டரில் இருக்கிறது. அங்கே விடியற்காலை 14 டிகிரி என்றால் ஸ்டெல்வியோ உச்சியில் 2 டிகிரி. ஜூலையில் கூட. பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் குளிர் முதலில் எலும்பைத் தொடும். கைகால் விறைத்த பிறகு உடுப்பு மாட்டுவதில் பயனில்லை, அடிவாரத்திலேயே மாட்டுங்கள்.


வளைவுதேடி

நீலவானம் அக்கா, மிக்க நன்றி. இந்த வாரமே அவர்கள் இருவரோடும் உட்கார்ந்து பேசுகிறோம்.

குழு வரிசைதான் எங்களுக்குள் இன்னும் தீராத விவாதம். பெரிய பைக்காரர் ஒருவர், "மெதுவான ஆள் எப்போதும் தலைவனுக்கு அடுத்து இரண்டாவதாக வரட்டும், எல்லோரும் ஒன்றாகப் போவோம், இல்லையென்றால் குழுவாகப் போவதில் அர்த்தமில்லை" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


மலைச்சாலை

அவர் சொல்வது நெடுஞ்சாலைக்கு நல்ல முறை. இரண்டாவது ஆளின் வேகத்தைத் தலைவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போகலாம், யாரும் தொலைய மாட்டார்கள். நான் பல வருடம் அந்த முறையில்தான் குழுவை அழைத்துப் போகிறேன், மலையிலும். தலைவன் பொறுமைசாலியாக இருந்தால் அது வேலை செய்யும்.


தனிவழி

இங்கே மலைச்சாலையோடு முழுக்க முரண்படுகிறேன்.

வளைவுச் சாலையில் இரண்டாவதாக வரும் மெதுவான ஆள் யாருடைய வேகத்தில் போவார்? முன்னால் போகும் விளக்கின் வேகத்தில். பின்னாலிருந்து மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அவரைத் தள்ளும். முன்னால் போகிறவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் பைக்கும் டயரும் கையும் வேறு. அவர் 50-ல் எடுக்கும் வளைவை இவர் 50-ல் எடுக்கக் கூடாது. பின்னால் வருபவர் வளைவைப் பார்ப்பதில்லை, முன்னவரின் பின்விளக்கைப் பார்க்கிறார். முன்னவர் தப்பான கோட்டில் போனால் இவரும் அதே கோட்டில் போவார். மலையில் குழு விபத்துகளின் வேர் இது என்பது என் திடமான நம்பிக்கை.

நண்பர்களோடு போவது என்றால் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு போவதில்லை. ஒவ்வொருவரும் தன் வேகத்தில் ஏறட்டும். கணவாய் உச்சியில் எல்லோரும் சேர்ந்துகொள்வோம். ஒரு கணவாய்க்கு அரை மணி நேரம், முக்கால் மணி நேரம்தான். முதலில் வந்தவர் பத்து நிமிடம் பனியைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் என்ன நஷ்டம்?


குளிர்காற்று

தனிவழி சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நடுவில் பாதை பிரிந்தால்? ஸ்டெல்வியோவுக்குச் சற்றுக் கீழே உம்பிரைல் பிரிகிறது. கிளெட்ஷ் என்ற ஊரில் ஃபுர்க்காவும் கிரிம்செலும் பிரிகின்றன. மூன்றாவது ஆள் தப்பாகத் திரும்பிவிட்டால் ஒரு மணி நேரம் தேடல். பள்ளத்தாக்கில் சில இடத்தில் செல்போன் அலைவரிசையும் கிடைக்காது.

இதற்குக் குழு ஓட்டுநர்கள் செய்யும் ஏற்பாடு: முன்னால் போகும் தலைவர் ஒருவர், கடைசியில் வரும் 'வால்' ஒருவர். இரண்டு பேரும் மாறவே மாட்டார்கள். எங்கே திரும்ப வேண்டுமோ அந்தச் சந்திப்பில் தலைவருக்கு அடுத்து வருபவர் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நின்று, பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் வழி காட்டுவார். வால் ஆள் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த சந்திப்பில் அடுத்தவர். இப்படிப் போனால் யாரும் யார் பின்விளக்கையும் துரத்த வேண்டியதில்லை, நடுவில் ஐந்து நிமிட இடைவெளி விழுந்தாலும் யாரும் தொலைவதில்லை. வரிசையும் தானாகச் சுழன்றுகொண்டே இருக்கும்.

ஒரே நிபந்தனை: சந்திப்பில் நிற்பவர், வால் ஆளைக் கண்ணால் பார்க்கும் வரை நகரவே கூடாது. எவ்வளவு நேரமானாலும். வால் வராவிட்டால் ஏதோ நடந்திருக்கிறது, அப்போதுதான் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.

பில்லியனோடு வரும் நண்பருக்குப் பின்னால் வால் ஆள் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது, பின்னாலிருந்து அழுத்தம் தெரியும். வால் ஆள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், ஆனால் கண்ணாடியில் பெரிதாகத் தெரியாத தூரத்தில் வரட்டும்.


மலைச்சாலை

இதை ஒத்துக்கொள்கிறேன். வால் ஆளாகக் குழுவிலேயே நன்றாக ஓட்டும் ஒருவரை வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கைதேர்ந்தவரை முன்னால் விடுவார்கள். பிரச்சினை வந்தால் முதலில் வந்து சேர்வது வால்தான், முதலுதவிப் பையும் அவரிடம்தான் இருக்க வேண்டும். ஆஸ்திரியாவில் பைக்கிலும் முதலுதவிப் பெட்டி வைத்திருப்பது சட்டம். வாடகை பைக்கில் இருக்கிறதா என்று எடுக்கும்போதே திறந்து பாருங்கள்.


கியர்மணி

வலப்பக்கம் ஓட்டறதுல எப்ப தப்பு நடக்கும்னு சொல்லிடறேன். போக்குவரத்து இருக்கும்போது நடக்காது, முன்னாடி போற வண்டியே வழி காட்டும். ஆள் அரவமே இல்லாத இடத்துலதான் நடக்கும். காலையில விடுதியிலேர்ந்து கிளம்பும்போது. பெட்ரோல் போட்டுட்டு வெளிய வரும்போது. படம் எடுக்க ஓரமா நின்னு மறுபடி ஏறும்போது, முக்கியமா எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்தா. மனசு வேற எதையோ நினைச்சுட்டு இருக்கும், கை பழைய பக்கம் இழுத்துட்டுப் போயிடும். அடுத்த வளைவுல எதிர்ல பேருந்து.

டேங்க் மேல கண்ணுல படற மாதிரி வலது பக்கம் காட்டற அம்புக்குறி ஒட்டுங்க. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் தலைவர் இன்டர்காம்ல "வலது" சொல்லணும், எல்லாரும் திருப்பிச் சொல்லணும். ஐந்தாம் நாளும் விடாம. பழகிட்டோம்னு நினைக்கிற நாள்தான் அபாயம்.


நீலவானம்

சட்ட விஷயங்களையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன், எல்லோரும் கேட்கும் கேள்வி.

உங்கள் ஓட்டுநர் உரிமம் ஐரோப்பாவுக்கு வெளியே வாங்கியது என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் அசல் உரிமத்தையும் சேர்த்தே வைத்திருங்கள். இத்தாலி, ஆஸ்திரியா இரண்டிலும் கேட்பார்கள். அதில் மோட்டார் சைக்கிள் பிரிவுக்கு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், கார் பிரிவுக்கு மட்டும் இருந்தால் காப்பீடு கைவிட்டுவிடும்.

ஊருக்கு வெளியே வேக வரம்பு சுவிட்சர்லாந்தில் 80, இத்தாலியில் 90, ஆஸ்திரியாவில் 100. ஒரே நாளில் எல்லை தாண்டுவதால் குழப்பம் வரும். சுவிட்சர்லாந்தில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. 80 சாலையில் 140-ஐத் தொட்டால் அது குற்ற வழக்கு, சிறைத் தண்டனை வரை போகும், வண்டியையும் பறிமுதல் செய்யலாம். வேகக் கேமராவை எச்சரிக்கும் வசதியும் அங்கே சட்ட விரோதம், வழிகாட்டி செயலியில் அதை எல்லையிலேயே அணைத்துவிடுங்கள்.

சுவிஸ் நெடுஞ்சாலை வில்லை, அதாவது நெடுஞ்சாலைச் சுங்கம் கட்டியதற்கான சீட்டு, பைக்குக்கும் 40 ஃப்ராங்க், ஒரு வருடத்துக்கு ஒரே விலை. கணவாய்ச் சாலைகளுக்கு அது வேண்டாம், ஐந்தாம் நாள் கூர் பக்கம் நெடுஞ்சாலை ஏறுவதற்கு வேண்டும். ஆஸ்திரியாவில் குறுகிய கால வில்லை கிடைக்கும். டிம்மல்ஸ்யோஹுக்குத் தனிச் சுங்கம், இரவில் சாலையை மூடிவிடுவார்கள்.

சுவிஸ் மலைச் சாலைகளில் நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு படம் இருந்தால் அது அஞ்சல் பேருந்துச் சாலை. அங்கே மஞ்சள் பேருந்துக்கு முன்னுரிமை, அதன் ஓட்டுநர் கை காட்டினால் அதன்படி நடக்க வேண்டும். குருட்டு வளைவுக்கு முன் மூன்று ஸ்வரத்தில் ஹாரன் அடிப்பார்கள். காதில் விழுந்ததும் ஓரம் கட்டிவிடுங்கள். குறுகலான சரிவில் எதிரெதிராக வந்தால் இறங்குபவர்தான் முதலில் நிற்க வேண்டும்.

திரும்பும் வழியில் லெஹ் பள்ளத்தாக்குப் பக்கம், ஹான்டென்யோஹ் வழியாக வர ஆசைப்பட்டால் ஒரு விஷயம். ஆஸ்திரியாவில் டிரோல் மாநிலத்தின் ரொய்ட்டெ மாவட்டத்தில் 2020 முதல் கோடை மாதங்களில், நின்ற நிலை இரைச்சல் 95 டெசிபலுக்கு மேல் பதிவான பைக்குகளுக்குத் தடை. வண்டிப் பதிவுப் பத்திரத்தில் யு.1 என்ற கட்டத்தில் அந்த எண் இருக்கும். அந்தக் கிராமத்து மக்கள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் சத்தத்தைக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இது வந்தது. ஊருக்குள் மெதுவாக, உயர் கியரில் போவது நாம் அவர்களுக்குக் கொடுக்கும் குறைந்தபட்ச மரியாதை.


தனிவழி

வாடகை பற்றி ஒன்று. ஒரு கடையில் எனக்குக் கொடுத்த பைக்கின் பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருந்தது. நேர்ச் சாலையில் தெரியாது. வளைவில் சாய்க்கும்போது தட்டை விளிம்பைத் தாண்டி திடீரென்று விழுவது போல இருக்கும். டயரை மாற்றிக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்று நின்றேன், வேறு பைக் கொடுத்தார்கள். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் டயர், பிரேக் பேட், செயின் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். முழுவதையும் வீடியோ எடுங்கள். மூன்று நாட்டுக்கும் ஓட்டிப்போக அனுமதி எழுத்தில் இருக்கிறதா, தினசரி கி.மீ. வரம்பு உண்டா, சேதம் ஆனால் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். அந்தத் தொகையை அட்டையில் முன்கூட்டிப் பிடித்து வைப்பார்கள், ஐவருக்கும் தனித்தனி அட்டை வேண்டும்.

பெரிய பைக் வேண்டாம் என்பதும் என் கருத்து. மலையில் சக்தியைவிட எடையும் சீட் உயரமும்தான் முக்கியம். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் சக்தி இழக்கும், அது உண்மை. அப்படியும் 700, 800 சிசி தாராளம். இரண்டு காலும் முழுதாகத் தரையில் ஊன்றும் பைக்கை எடுங்கள்.


வளைவுதேடி

எல்லாவற்றையும் குழுவுக்குப் படித்துக் காட்டினேன். முடிவு செய்தது: ஐந்து நாள். மலைச்சாலை அண்ணா சொன்ன வழி. கோட்ஹார்ட்டும் நுஃபெனனும் நீக்கம். வரிசைக்கு குளிர்காற்று சொன்ன முறை. "எல்லோரும் ஒன்றாக" என்று நின்ற நண்பரே வால் ஆளாக வருகிறேன் என்று சொல்லிவிட்டார். நண்பனின் மனைவி இரண்டு விஷயம் கேட்டார்: ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், மழை பெய்தால் கணவாய் ஏறுவதில்லை. இரண்டுக்கும் சரி என்றோம்.

ஒரே ஒரு ஆசை மிச்சம். ஆண்டர்மட்டில் அரை நாள் ஓய்வு இருக்கிறதே, ட்ரெமோலா மட்டும் போய்வரலாமா? மழை பற்றியும் சொல்லுங்கள்.


குளிர்காற்று

ட்ரெமோலா கோட்ஹார்ட்டின் தெற்குச் சரிவில் இருக்கும் பழைய சாலை, 24 கொண்டை ஊசி, முழுக்கக் கருங்கல் பாவியது. காய்ந்திருந்தால் மெதுவாகப் போகலாம், அழகான வேலைப்பாடு. ஈரமாக இருந்தால் கல் சோப்புப் போல வழுக்கும், போகவே வேண்டாம். அப்படியே போனாலும் ஐரோலோவிலிருந்து ஏறுங்கள். இறங்குவதற்குப் புதிய கோட்ஹார்ட் சாலை இருக்கிறது. பில்லியன் நண்பருக்கு அன்று ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

மழையைப் பொறுத்தவரை, ஜூலையில் ஆல்ப்ஸில் காலை நீலமாக இருக்கும், பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு இடி மேகம் கட்டும். அதனால்தான் எல்லோரும் விடியலில் கிளம்பச் சொல்கிறோம். நான்காம் நாள் ஆண்டர்மட்டிலிருந்து முதலில் ஃபுர்க்கா ஏறுங்கள், 2429 மீட்டர், மூன்றில் உயரமானது அதுதான். ரோன் பனியாற்றின் பக்கம் காலை வெயில் விழும்போது பார்க்க வேண்டும். கடைசியில் வரும் சுஸ்டன் அகலமான சாலை, மழை பிடித்தாலும் சமாளிக்கலாம். சுஸ்டனில் சுரங்கங்கள் உண்டு, ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியை நுழைவதற்கு முன்பே தூக்கிவிடுங்கள். மழை நின்ற பிறகு உள்வளைவுகளில் சரளையும் மண்ணும் அடித்து வந்திருக்கும், மேய்ச்சல் பகுதியில் மாட்டுச் சாணமும் சேர்ந்தால் இன்னும் வழுக்கும். மாடு சாலையில் நின்றால் இன்ஜினை அணைத்துக் காத்திருங்கள், ஹாரன் வேண்டாம்.


நீலவானம்

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன். மூன்று நாட்டிலும் அவசர எண் 112. சுவிட்சர்லாந்தில் வான்வழி மீட்புக்கு 1414, ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140. ஹெலிகாப்டர் வந்தால் கட்டணம் பெரியது, பயணக் காப்பீட்டில் மலை மீட்பும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்திருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். பல காப்பீடுகளில் 125 சிசிக்கு மேல் சேராது.

யாராவது விழுந்தால் முதல் ஆள் விழுந்தவரிடம் ஓடக் கூடாது. முதலில் சாலையை அடைக்க வேண்டும். ஒருவர் மேல் வளைவுக்கு அப்பால், ஒருவர் கீழ் வளைவுக்கு அப்பால், வரும் வண்டிகளுக்குக் கை காட்ட. மூன்றாவது ஆள் விழுந்தவரிடம். ஹெல்மெட்டைக் கழற்றுவது மூச்சு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது, ஒரு முதலுதவி வகுப்பில் இரண்டு பேராவது கற்றுக்கொண்டு கிளம்புங்கள். எந்த வேலை யாருக்கு என்று இன்ஸ்புருக்கில் பைக்கை எடுக்கும் அன்றே பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள்.


வளைவுதேடி

பிரித்துவிட்டோம் அக்கா. மேல் வளைவு நான், கீழ் வளைவு தலைவர், விழுந்தவரிடம் போவது வால் நண்பர். அவரும் நண்பனின் மனைவியும் அடுத்த சனிக்கிழமை முதலுதவி வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வலது வட்டப் பயிற்சி மூன்று பேருக்கும் ஞாயிறு காலை. கணவாய்கள் திறந்திருக்கின்றனவா என்று கிளம்பும் வாரம் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.